பாதியில் திரும்பியவள்

செங்கம் ரோட்டில், பஸ், விமான டிக்கெட் போடும் எங்கள் கடைக்கு அடுத்த கடை அக்காவுடையது. சைக்கிளும் ஸ்கூட்டியும் வாடகைக்கு விடுகிற கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் அவளுடைய வண்டியில்தான் ஊரைச் சுற்றினார்கள். நான் எந்நேரமும் நோட்டில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னப் பத்தி எழுதுனா பேரப் போடாத, எங்க மாமியாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்" என்று ஒருமுறை எச்சரித்திருக்கிறாள். அதனால் பெயர் வேண்டாம். அக்கா என்றே இருக்கட்டும்.

அக்காவிடம் ஒரு கேள்வி உண்டு. "என்னா ஆயிடும்?" எல்லோரும்தான் அப்படிக் கேட்கிறோம். ஆனால் நாம் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அக்கா கேட்டுவிட்டு நிற்பாள். பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பாள். என்ன ஆகும் என்று எதிராளி வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு சாவியை வெளியே கொடுக்கக் கூடாது என்று பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருநாள் அவளுக்குப் புத்தி சொன்னார்.

"குடுத்தா என்னா ஆயிடும்?"

"லட்சுமி வெளிய போயிடுவாம்மா."

"வாடகை வண்டிதானே எடுத்துக்கினு போவா? காலைல கொண்டாந்து விட்டுத்தானே ஆவணும்?"

கடைக்காரர் அதற்குமேல் புத்தி சொல்வதை விட்டுவிட்டார். கோட்டுக்கு வெளியே வண்டி நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று சொன்ன போலீஸ்காரரிடம், "எங்க தூக்கினு போவீங்க? அங்க நிழல் இருக்குதா? வெயில்ல நின்னா டியூப் வெடிச்சுடும் சார்" என்று நிஜமான கவலையோடு விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கும் அந்தக் கேள்வியால் ஒரு நன்மை நடந்தது, இனி சொல்லப்போவதெல்லாம் நடந்து முடிந்த பிறகு. வேலூரில் ஒரு வேலை கிடைத்து, வீட்டில் தனியாக அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். "போனா என்னா ஆயிடும், சொல்லு" என்றாள். ஊர் பேசும் என்றேன். அப்புறம்? அப்பா பேச மாட்டார். எவ்வளவு நாளைக்கு? ஒரு மாசம் இருக்கும். அப்புறம்? அப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்கூட்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள். அன்றைக்குத் துடைத்த கண்ணாடிதான் நான் இன்று வேலூரில் சொந்தமாகக் கடை வைத்திருப்பதற்குக் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

இவ்வளவு வாய் உள்ள அக்கா அந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் ஒருவர் இருந்தார். அவளுடைய மாமியார்.

மாமியார் கீழ்பென்னாத்தூரில் இருந்தார். கொஞ்சம் நிலம், வேர்க்கடலை போடுவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் மஞ்சள் பை, பைக்குள் கற்பூரம், எலுமிச்சம்பழம், மருமகளுக்கு வறுத்த கடலை. கடலையை நானும் தின்றிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கும். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மருமகளைப் பார்த்து, "இந்தத் தடவையாவது முழுசா சுத்தி முடி" என்பார். தெருவே கேட்கும். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். போலீஸ்காரரிடம் நிழல் விசாரித்த அதே அக்கா.

ஏன் முழுசா என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. பன்னிரண்டு பௌர்ணமி எங்கள் ஊர் மலையை வெறுங்காலோடு சுற்றி வருவதாக மாமியார் வேண்டிக்கொண்டு, நடக்கும் வேலையை மருமகளிடம் கொடுத்துவிட்டார். எட்டாவது பௌர்ணமிக்குள் நாள் தள்ளிப்போய், டாக்டரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பதாவது பௌர்ணமி வந்தபோது மூன்றாம் மாதம். நடக்கணுமா என்று அக்கா கேட்டதற்கு, "குடுத்த சாமி கிட்ட பாதியில நின்னுக்கிறேன்னு சொல்லுவியா?" என்றார் மாமியார். அக்கா நடந்தாள். அவள் வீட்டுக்காரர், எனக்கு மாமா, கூடவே நடந்தார். பாதி வழியில், அடி அண்ணாமலை வந்தபோது, ரத்தத்தில் புடவை நனைந்துவிட்டது. ஒரு சோடாக் கடை பெஞ்சில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, மாமா ஓடிப்போய் ஒரு பால் வண்டியை மடக்கி, அவளைத் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கரு தங்கவில்லை.

நடந்ததால் ஆனது இல்லை, இது தன்னாலேயே சிலருக்கு ஆகும் என்று டாக்டர் சொன்னார். மாமியாரும் நடந்ததால் என்று சொல்லவில்லை. பாதியில் வண்டி ஏறியதால் என்று சொன்னார். மலை சுற்றுகிறவர்கள் பாதியில் திரும்பக் கூடாது, வண்டி ஏறக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதன்பிறகு அக்காவுக்கு உறவுக்காரர்கள் மத்தியில் அதுவே அடையாளம். பாதியில வண்டி ஏறுனவ. எனக்கு அந்தக் கிழவி மேல் இன்றுவரை கோபம் ஆறவில்லை. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பௌர்ணமி அன்று, ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "எதுக்கும் ஒருதடவ முழுசா முடிச்சுப் பாரேன்க்கா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்தாள். என்னா ஆயிடும் என்று கேட்கவில்லை. போய் வண்டிக்குக் காற்றடித்தாள்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுநெடுவென்று இருப்பார். பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரர். எது கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். மழை வருமா? பாக்கலாம். டீ குடிக்கலாமா? பாக்கலாம். சென்னைக்குப் போய் ஊசி, மருந்து என்று இரண்டு தடவை அலைந்து ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்த பிறகு, மாமியார் ஒருநாள் கடையிலேயே வைத்துச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்துவிடுங்கள், அதுவும் ஆகவில்லை என்றால் ஊரில் ஒரு பெண் இருக்கிறது, ஏழைப்பட்ட குடும்பம், அக்கா தங்கச்சி மாதிரி ஒத்துமையாக இருந்துகொள்ளலாம் என்று. அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாமா தலையைத் தூக்காமல் சொன்னார்:

"பாக்கலாம்மா."

மழைக்கும் டீக்கும் சொல்கிற அதே பாக்கலாம். அன்று சாயந்திரம் அக்கா என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு போட்டோ. வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து அவளிடம் ஸ்கூட்டி எடுக்கும் ஒரு வயதான வெள்ளைக்காரம்மா கொடுத்தது. பாலைவனம். சிவப்பு மணலில் அங்கங்கே பெரிய பெரிய பாறைகள், சில கோபுர உயரத்துக்கு, சில மலை மாதிரியே. நடுவில் எறும்பு மாதிரி இரண்டு பேர் முதுகில் பையோடு நடந்துபோகிறார்கள்.

"இது எந்த ஊரு?"

ஜோர்டான் என்று பின்னால் எழுதியிருந்தது.

"அந்தம்மாவும் அவங்க வூட்டுக்காரரும் போனாங்களாம். அந்தக் கல்லு மேல சாமி இருக்குதான்னு கேட்டேன். இல்லன்னாங்க. அப்ப என்னாத்துக்கு நடந்தீங்கன்னேன். சும்மான்னாங்க." போட்டோவை என் மேசைமேல் வைத்தாள். "உலகத்துல இருக்கறவன் எல்லாம் இங்க வந்து நடக்கறான். நாங்க அங்க போய் நடந்தா என்னா ஆயிடும்? எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடு."

"மாமா என்னா சொல்றாரு?"

"பாக்கலாம்னாரு. பாக்கட்டும், அங்க போய்ப் பாக்கட்டும்."

மூன்றாவது தடவை ஊசிக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் போனார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் டிக்கெட் போட்டேன். அவசரத்தில் ஒரு தப்பும் செய்தேன். கூடாரத்தில் தங்க இடம் பிடிக்கும்போது, புதுமணத் தம்பதி என்கிற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். முதல் நாள் போய் இறங்கினால் கட்டில் முழுக்க ரோஜா இதழ். மாமா வாசலிலேயே நின்று, "உள்ள யாரோ செத்துப் போயிட்டாங்க போல, வேற ரூம் கேளு" என்றாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா எனக்கு முன்னால் தலை நிமிரவே இல்லை. திரும்பி வந்த மறுநாள் இரண்டு பேரும் என் கடையில், கஸ்டமர் நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்து சொன்னதுதான் இனி வருவது.

இரண்டாம் நாள் காலை. ஜீப் ஓட்டி வந்த வழிகாட்டி, அந்தப் பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு பெரிய சிவப்புப் பாறையின் அடியில் வண்டியை நிறுத்தி டீ போட அடுப்பு மூட்டினார். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், அரை மணி நேரம் என்று கையைக் காட்டினார். பாறையை நிமிர்ந்து பார்த்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"நம்ம மலைதாம்மா" என்றார் என்னிடம். "நம்ம செங்கம் ரோட்டுலேர்ந்து பாத்தா எப்டித் தெரியும், அச்சு அசலா அப்படியே. கையி தானா கன்னத்துல போட்டுக்கிச்சு."

கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு விடவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டார். அதற்கென்றே புதிதாக வாங்கிக்கொண்டு போன ஷூ. அவர் கழற்றியதைப் பார்த்து அக்காவும் கழற்றிவிட்டாள். இரண்டு ஜோடியையும் ஜீப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, பாறையை வலது கைப்பக்கம் வைத்து, வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்கள். கேட்டால் யோசிக்கவே இல்லையாம். எங்கள் ஊர்க்காரர்கள் மலையைக் கண்டால் வேறென்ன செய்வார்கள்? சுற்றத்தான் செய்வார்கள். சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவோம் என்பதில் சந்தேகமே வராது. எங்கள் மலை அப்படித்தானே இருக்கிறது.

அந்தப் பாறை அப்படி இல்லை. முன்பக்கம்தான் மலை மாதிரி இருந்தது. பின்னால் அது சுவர் மாதிரி நீண்டுகொண்டே போனது. அரை மணி நேரம் ஆயிற்று, வளையவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, வளையவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர், அதுவும் அடியில் கொஞ்சம். வெயில் ஏறிவிட்டது. மணல் போய்க் கூர்க்கல்லாக வந்தது. மாமாவுடைய கால் கட்டைவிரல் கிழிந்து ரத்தம். ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அக்கா நின்றுவிட்டாள்.

"இந்தாய்யா, திரும்பிடலாம்."

"இதோ வந்துடும். அந்த மூலையில திரும்பிடும் பாரு."

"மூணு மூலையா அதான் சொல்ற. தண்ணி இல்ல. திரும்பு."

"பாதியில திரும்பக் கூடாதும்மா."

இதைச் சொல்லும்போது மாமா என் கடைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் தொடர்ந்தாள். அங்கே அந்த வெயிலில், எந்தச் சாமியும் இல்லாத அந்தப் பாறைக்கு முன்னால், முதல்முதலாகத் தன் கேள்வியைத் தன் வீட்டு விஷயத்தில் கேட்டிருக்கிறாள்.

"திரும்புனா என்னா ஆயிடும்?"

அக்கா நின்றாள். எனக்குத் தெரியும் அவள் எப்படி நிற்பாள் என்று. பதில் வரும்வரை நிற்பாள்.

"சொல்லுய்யா. என்னா ஆயிடும்?"

"அன்னிக்கு ஆன மாதிரி ஆயிடும்" என்றாராம் மாமா.

"அதான் ஆயிடுச்சே. இதுக்கு மேல என்னா ஆவணும் நமக்கு?"

மாமா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை. "நான் பாதியில ஏறுனதால ரத்தம் வரலய்யா. ரத்தம் வந்ததாலதான் ஏறுனேன். ஏத்தி வுட்டவன் நீ. உனக்குத் தெரியும். உங்கம்மா இத்தனை வருஷமா மாத்தி மாத்திச் சொல்றாங்களே, ஒருநாளு, ஒரே ஒருநாளு, நீ அப்படி இல்லன்னு சொல்லி இருப்பியா? பாக்கலாம்னு இன்னொருத்தியக் கொண்டாந்து வெக்கறதுக்கும் தலையாட்டுன."

மாமா அழுதிருக்கிறார். என்னிடம் அதை மறைக்கவில்லை. "நல்லா அழுதுட்டேம்மா. யாரு இருக்காங்க பாக்கறதுக்கு?" என்றார். பிறகு எழுந்து, கடைசித் தண்ணீரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, தானே முதலில் திரும்பி நடந்தார். பாறை இடது கைப்பக்கம் வந்தது. கல் முடிந்து மணல் வந்ததும் வழி தெரிந்துவிட்டது. அந்தப் பாலைவனத்தில் வெறுங்காலோடு நடக்கும் பைத்தியங்கள் வேறு யாரும் இல்லாததால் அவர்களுடைய காலடியே அவர்களுக்கு வழி. பாதி தூரத்தில் எதிரே ஜீப் வந்தது. வழிகாட்டி இறங்கி, நான்கு ஷூவையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவருடைய பாஷையில் அரை மணி நேரம் திட்டினாராம். திட்டி முடித்துவிட்டு டீ கொடுத்தாராம். சர்க்கரை ஜாஸ்தி என்றாள் அக்கா.

மாமா போனில் ஒரே ஒரு வீடியோ எடுத்திருந்தார். பாறையும் இல்லை, வானமும் இல்லை. மணலில் போன காலடியும் அதற்குப் பக்கத்தில் வந்த காலடியும் மட்டும். பின்னால் அக்காவின் குரல்: "போதும் வா, கால் சுடுது."

அடுத்த பௌர்ணமி வந்தது. காலை பஸ்ஸில் மாமியார் வந்தார். மஞ்சள் பை, கற்பூரம், கடலை. நான் என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. மாமியார் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"வெளிநாடு எல்லாம் போய்ச் சுத்திட்டு வந்துட்டீங்க. நம்ம மலைய முழுசா சுத்த வக்கில்ல. இந்தத் தடவையாவது முழுசா முடி."

அக்கா ஒரு வெள்ளைக்காரருக்கு ஸ்கூட்டிச் சாவியை நீட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. தலை குனியப்போகிறது என்று நினைத்தேன். மாமா தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார்.

"அவ நடக்க மாட்டாம்மா."

"என்னாது?"

"நடக்க மாட்டா. ஊசியும் போட்டுக்க மாட்டா. நீ பாத்து வெச்சிருக்கிற பொண்ணுக்கு வேற எடம் பாக்கச் சொல்லு." டியூபைக் கையிலிருந்து விடவில்லை. "அன்னிக்கு அவ வண்டி ஏறுனதால கொழந்தை போவல. கொழந்தை போனதாலதான் வண்டி ஏறுனா. நான்தான் தூக்கி ஏத்துனேன். யாரையாவது சொல்லணும்னா இனிமே என்னச் சொல்லு."

பாத்திரக் கடைக்காரர் கையில் துணியோடு வெளியே வந்துவிட்டார். மாமியார் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடலைப் பொட்டலத்தை மட்டும் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அது கோபமா பாசமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அக்கா வெள்ளைக்காரரிடம் திரும்பி, "கோ ஸ்லோ. பிரேக் லிட்டில் லூஸ்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். பிறகு மாமாவிடம் போய் டியூபை வாங்கித் தண்ணீரில் அமுக்கி, "இதோ, இங்க போவுது பாரு" என்றாள். இரண்டு பேரும் அந்த ஓட்டையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம், கூட்டம் சேர்வதற்கு முன்னால், அக்கா என் கடைக்கு வந்தாள். காலில் அந்தப் பாலைவனத்து ஷூ.

"வரியா? அடி அண்ணாமலை வரைக்கும்."

"நீ நடக்க மாட்டன்னு மாமா சொன்னாரே."

"சுத்த மாட்டேன். நடக்க மாட்டேன்னு யாரு சொன்னது?"

போனோம். அடி அண்ணாமலையில் அந்த சோடாக் கடை இன்னும் இருந்தது. பெஞ்சும் அதேதான் என்றாள். அதில் உட்கார்ந்து ஒரு பன்னீர் சோடா குடித்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்தாள். வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். திரும்பி வருகிற தூரத்துக்கும் சுற்றி முடிக்கிற தூரத்துக்கும் அங்கிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குள் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. எல்லோரும் எதிரே வந்தார்கள், மலையோரத்தை விட்டுவிட்டு, ரோட்டின் அந்தப் பக்கமாக. மலையோரம் சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று விட்டுவிடுவது வழக்கம். காலியாக இருந்த அந்தப் பக்கத்தில்தான் நாங்கள் நடந்தோம். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் எங்களை மறித்தார்.

"அம்மா, தப்பா போறீங்க. எதிர்ல போவக் கூடாது. அதுவும் செருப்போட, சித்தருங்க நடக்கற பக்கத்துல."

"போனா என்னா ஆயிடும்?" என்றாள் அக்கா.

நின்றாள். அவர் யோசித்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார்.

"அவங்களுக்கு எடஞ்சலா இருக்கும்மா."

"ஒதுங்கிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, அன்னிக்கு நான்..."

"நீயுந்தான் சொன்ன" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "முழுசா முடிச்சுப் பாருன்னு."

"ஆமாங்க்கா."

"நட."

நடந்தேன். எதிரே ஊரே வந்துகொண்டிருந்தது. மலை எங்கள் இடது கைப்பக்கம் கூடவே வந்தது.